இருநூறு டெராபைட் நிறுவல்

தம்பலகாமத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். பைதகரஸ் தேற்றம் வந்தால் கரும்பலகையில் ஒரு விளையாட்டு வைப்பது என் வழக்கம். 1, 2, 3 என்று எண்களை எழுதி, ஒவ்வொன்றையும் சிவப்பு அல்லது நீலச் சோக்கால் வட்டமிடச் சொல்வேன். நிபந்தனை ஒன்றுதான்: 3, 4, 5 போன்ற பைதகரஸ் மும்மை எதுவும் முழுக்க ஒரே நிறத்தில் வரக்கூடாது. 3உம் 4உம் சிவப்பென்றால் 5 நீலமாகத்தான் இருக்க வேண்டும். 5 நீலமானால் 12உம் 13உம் சேர்ந்து நீலமாக முடியாது. சரி, 12ஐச் சிவப்பாக்குவோம் என்றால், அது 9-12-15, 12-16-20, 12-35-37 என்று இன்னும் மூன்று இடங்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பலகை நிறையுமுன்னே வகுப்பு இரண்டு கட்சியாகிவிடும்.

இந்த விளையாட்டு எவ்வளவு தூரம் போகும்? 7824 வரை போகும். 7825இல் எப்படி நிறம் கொடுத்தாலும் ஏதோவொரு மும்மை உதைக்கும். இதை 2016இல் நிறுவியவர்கள் மரைன் ஹோய்லே, ஒலிவர் குல்மான், விக்டர் மாரெக் என்ற மூவர். கணித மேதை ரொனால்ட் கிரஹாம் இதற்கென்று முன்பே அறிவித்திருந்த 100 டொலர் பரிசும் அவர்களுக்கே போனது. நிறம் கொடுக்கும் வழிகளின் எண்ணிக்கையை எழுதினால் 2300 இலக்கங்களைத் தாண்டும். ஒவ்வொன்றாகப் பார்க்க எந்தக் கணினியாலும் ஆகாது.

அவர்கள் வேலையைப் பிரித்தார்கள். பிரிப்பதற்கென்றே ஒரு மென்பொருள், பெயர் மார்ச். எந்த எண்ணுக்கு முதலில் நிறம் கொடுத்தால் சிக்கல் வேகமாகச் சுருங்கும் என்று முன்கூட்டிப் பார்த்து, கணக்கைப் பத்து லட்சம் துண்டுகளாக அது வெட்டியது. துண்டுகளைத் தீர்த்தது குளுக்கோஸ் என்ற வேறொரு மென்பொருள். முட்டுச்சந்துக்குப் போய்த் திரும்பும்போது, ஏன் முட்டியது என்பதை ஒரு புதிய விதியாக எழுதிவைத்துக்கொண்டு, அதே தவறை மீண்டும் செய்யாமல் விடுவதுதான் அதன் கெட்டித்தனம். டெக்சாசில் உள்ள ஸ்டாம்பீட் மீகணினியின் 800 செயலிக் கருக்கள் இரண்டு நாள் ஓடின. ஒரு துண்டைத் தீர்க்கும் கரு பக்கத்துக் கருவோடு பேச வேண்டிய தேவையே இல்லை.

எங்களூர் ஆதி கோணநாயகர் கோயில் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இப்படி வேலையைப் பிரிப்பது புதினமில்லை. கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல், கோயில் ஊழியரில் தானத்தாருக்கு இன்னது, வரிப்பத்தாருக்கு இன்னது என்று தொழும்புகளைப் பிரித்தே வைத்திருக்கிறது. விளக்கு ஏற்றுகிறவர் மாலை கட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் பிரித்துக் கொடுத்ததை நம்புவது எப்படி? எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். விடை சரியாக இருந்தாலும் படி இல்லையென்றால் புள்ளி இல்லை என்று பிள்ளைகளைப் பேசுகிறவன் நான். கணினி “முடியாது” என்று ஒற்றைச் சொல்லில் சொன்னால் அதற்கும் புள்ளி இல்லை. நல்லவேளை, இங்கே படிகள் எல்லாம் எழுதப்பட்டன. மொத்தம் 200 டெராபைட். மனிதர் எவரும் வாசிக்க முடியாத அந்த நிறுவலை ட்ராட்-ட்ரிம் என்ற மூன்றாவது மென்பொருள் வரிவரியாகச் சரிபார்த்தது. தீர்க்கும் மென்பொருள் எத்தனை தந்திரமும் செய்யட்டும். அதில் பிழை இருந்தால்கூடப் பரவாயில்லை. சரிபார்ப்பது மட்டும் சிறியதாக, நேர்மையானதாக இருந்தால் போதும்.

இப்படிப் பலவகைக் கருவிகளைக் கோப்பதற்குப் பொதுவான ஓர் ஏற்பாடு வேண்டும் என்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கிலுள்ள எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தார் அதற்கு முன்பே யோசித்திருந்தார்கள். 2005இல் ஜோன் ரஷ்பி அதற்கு ‘எவிடென்ஷியல் டூல் பஸ்’, அதாவது கருவிகளைச் சான்றோடு இணைக்கும் பொதுப்பாதை, என்று பெயரிட்டு முன்வைத்தார். பிறகு அதைக் கட்டிய குழுவில் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த நடராஜன் சங்கர். ஆள் லேசுப்பட்டவரல்லர். கேடலின் புகழ்பெற்ற முழுமையின்மைத் தேற்றத்தைக் கணினியே படிப்படியாகச் சரிபார்க்கும்படி 1986இல் தன் முனைவர் ஆய்வில் செய்துகாட்டியவர். நாசா விமான ஆய்வுகளுக்குப் பயன்படுத்தும் பி.வி.எஸ். என்ற நிறுவல் மென்பொருளை உருவாக்கிய மூவரில் ஒருவர்.

அந்தப் பொதுப்பாதையில் ஒரு கேள்வியைப் போட்டால், வலையமைப்பில் எந்தக் கணினியில் அதற்குரிய கருவி இருக்கிறதோ அது எடுத்துக்கொள்ளும். பதிலோடு சான்றும் வரும்: எந்தக் கருவி செய்தது, எந்தக் கோப்பை வைத்து, எந்த விதிப்படி என்று. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் பழைய சான்று அதற்குச் செல்லாது. ஒரு கருவியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம், மற்றவை பாட்டுக்கு ஓடும்.

இந்தச் சரிபார்ப்பெல்லாம் வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். 1994இல் பென்டியம் சில்லில் வகுத்தல் கணக்கு சில எண்களுக்குப் பிழைத்ததால் இன்டெல் 47.5 கோடி டொலர் இழப்பைக் கணக்கில் எழுதியது. சில்லு செய்கிறவர்கள் நிறுவல் மென்பொருள்களைத் தேடி ஓடுவது அதற்குப் பிறகு அதிகமானது.

பி.வி.எஸ்., இசட்3, லீன் ஆகிய நிறுவல் மென்பொருள்கள் எல்லாம் இலவசம். சாதாரண மடிக்கணினி போதும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் சும்மா இருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், லீனை இறக்கிக் கொடுத்து, இரண்டு இரட்டை எண்களின் கூட்டுத்தொகை இரட்டை எண் என்பதை அதில் நிறுவச் சொல்லுங்கள். “தெரிந்ததுதானே” என்ற பதிலை அந்த மென்பொருள் ஏற்காது.