குரோஷேயில் நெட்டைப் பின்னல்

பொன்முடிச் சாலையிலுள்ள கல்லாற்றில் சென்ற விடுமுறையைக் கழித்தபோது, குரோஷேயில் ‘ட்ரெபிள்’ எனும் நெட்டைப் பின்னலைக் கற்றுக்கொண்டேன். அது கடினமன்று.

முதலில் கொக்கி ஊசியால் ஒரு சங்கிலி போடவேண்டும். பின்பு ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, ஊசியிலிருந்து நான்காவது சங்கிலிக்குள் நுழைத்து, நூலை இழுத்தால் ஊசியில் மூன்று கண்ணிகள் நிற்கும். மீண்டும் நூலை மாட்டி இரண்டு கண்ணிகளின் வழியே இழுத்தால் எஞ்சுவன இரண்டு. இன்னுமொருமுறை அவ்வாறே இழுத்தால் ஒன்று. ஒரு பின்னல் முடிந்தது!

விட்ட மூன்று சங்கிலிகளும் சேர்ந்து முதற் பின்னலாகும். அடுத்த வரிசையையும் மூன்று சங்கிலிகளோடு தொடங்கி, அவற்றின் அடியிலுள்ள பின்னலை விட்டு மேலே செல்க. வரிசை முடிவில், பழைய மூன்று சங்கிலிகளின் உச்சியிலும் ஒரு பின்னல் இடுக. இன்றேல் ஓரம் ஒடுங்கிவிடும்.

இது ஆங்கிலேயர் வழக்கு. அமெரிக்கர் இதனையே ‘டபிள்’ என்பர். அவர்களுடைய ‘ட்ரெபிளு’க்கு நூலை இருமுறை சுற்றவேண்டும். ஆகவே, செய்முறைப் புத்தகம் எந்நாட்டினது என்று முதலில் பாருங்கள்.

ஆந்திரத்து நரசாபுரத்தில் குரோஷே பல பெண்களின் பிழைப்பு. அவர்தம் உழைப்பு ‘ஓய்வுநேர வேலை’ என ஒதுக்கப்பட்டதை மரியா மீஸ் 1982-இல் தம் ஆய்வுநூலில் எடுத்துக்காட்டினார். ஒரு சாண் அகலம் பின்னிப் பார்த்தவர் அச்சொல்லை மீண்டும் சொல்லார்.