நுங்கம்பாக்கத்து வானிலைக் கூடம்

சென்னை நுங்கம்பாக்கத்தில், கல்லூரிச் சாலையை ஒட்டிய வானிலை ஆராய்ச்சி மையத்தின் வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. நட்சத்திரங்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தை அளக்கும் தொலைநோக்கியைச் சற்றும் அசையாமல் தாங்குவதற்கென்று 1792-ஆம் ஆண்டில் நாட்டப்பட்ட அத்தூணில், அது எழுந்த காலம் வருங்கால சந்ததியாருக்குத் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தோடு லத்தீன், தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் எழுத்துப் பொறித்து வைத்தார்கள். ஆசியாவில் ஐரோப்பியர் நிறுவிய பழைமையான விஞ்ஞான ஸ்தாபனங்களுள் ஒன்றான சென்னை நோக்குக்கூடத்தின் முதற் கட்டிடத்தில் இன்று நம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அந்தத் தூண்தான்.

அந்தக் கூடம் வானிலைக்காக ஏற்பட்டதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தரான வில்லியம் பெட்ரி என்பவர் 1786-இல் எழும்பூரில் தம் சொந்தப் பொறுப்பில் ஒரு சிறு நோக்குக்கூடத்தை அமைத்திருந்தார். அதன் கருவிகள் பின்னர்க் கம்பெனியின் வசம் வந்தபோது, பாறையும் மணல்மேடும் நிறைந்த சோழமண்டலக் கரையோரம் மரக்கலங்களைச் சேதமின்றிச் செலுத்துவதற்கு வான சாஸ்திரமும் நில அளவையும் இன்றியமையாதவை என்று ஓயாமல் வற்புறுத்தி வந்த மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் நுங்கம்பாக்கத்துக் கட்டிடம் எழுந்தது. ஆயினும் வான சாஸ்திரிக்கு வாயுமண்டலத்தைப் புறக்கணிக்க வழியில்லை. நட்சத்திரத்தின் ஒளி நம் கண்ணை அடையுமுன் காற்றுப் படலத்தின் ஊடே சிறிது வளைந்தே வருகிறது; அந்த வளைவு காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது; அடர்த்தியோ அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் பொறுத்தது. ஆகவே நட்சத்திரத்தின் ஸ்தானத்தை நிர்ணயிக்க விரும்பியவர் முதலில் பாரமானியையும் உஷ்ணமானியையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வான சாஸ்திரத்துக்குத் துணையாக வந்த இவ்விரு கருவிகளின் வாயிலாகவே நுங்கம்பாக்கத்தில் வானிலை நூல் கால்கொண்டது. 1796-ஆம் ஆண்டு முதல், கூடத்தின் பொறுப்பை ஏற்ற ஜான் கோல்டிங்ஹாம் அந்தக் குறிப்புகளைத் தனியொரு பதிவேடாகவே எழுதி வரலானார்.

இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் வழங்கும் கட்டிடத்தை வகுத்தமைத்தவரும் இந்தக் கோல்டிங்ஹாமே. அவர் செய்த பரிசோதனை ஒன்றை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அந்தக் கூடத்தின் கருவிகள் எவ்வளவு எளியவை என்பதையும், அவற்றைக் கையாண்டவரின் சிரத்தை எத்தகையது என்பதையும் அதைப்போல் வேறொன்றும் காட்டுவதில்லை. புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் குறித்த வேளையில் பீரங்கி வெடிப்பது அக்காலத்து வழக்கம். கோட்டை, கூடத்திலிருந்து இரண்டரை மைலுக்குச் சற்று அதிகம். பரங்கிமலையோ ஐந்தரை மைலுக்கு மேல். பீரங்கி வாயில் தோன்றும் ஒளி அந்தக் கணமே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஓசை பல விநாடிகள் கழித்தே காதை எட்டுகிறது. அந்த இடைவேளையைக் கடிகாரத்தால் அளந்து, தூரத்தை அதனால் வகுத்தால் ஓசையின் வேகம் கிடைக்கும். கோல்டிங்ஹாமும் அவருடைய உதவியாளர்களும் நாள் தவறாமல் இப்படி அளந்ததோடு நில்லாமல், ஒவ்வொரு வெடிக்கும் எதிரே பாரமானியும் உஷ்ணமானியும் ஈரமானியும் காட்டிய அளவுகளையும் காற்று வீசிய திசையையும் எழுதி வைத்தார்கள். அந்த அட்டவணை 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் அச்சேறியது. ஓசையின் வேகம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது என்பதையும், அம்மாறுதல் காற்றின் நிலையோடு சேர்ந்தே நிகழ்கிறது என்பதையும் அதிலிருந்து படிப்பவர் உணரலாம். கோட்டையில் முன்பே இருந்த பீரங்கி, கூடத்தில் முன்பே இருந்த கடிகாரம், நாள்தோறும் பார்த்தே தீரவேண்டிய மானிகள் ஆகியவற்றைக் கொண்டே செய்த காரியம் இது. இதற்கென்று புதிதாக எதையும் வாங்கியதாகத் தோன்றவில்லை என்பதே இதில் என் மனத்தை மிகவும் கவர்வது.

இனிக் கருவிகளுக்கு வருவோம். அவற்றுள் தலைமையானது பாரமானி. ஒரு முனை அடைத்த கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிப் பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்து நிறுத்தினால், வெளிக்காற்றின் பாரம் அந்த ரசத்தை ஏறத்தாழ முப்பது அங்குல உயரத்துக்குத் தாங்கிப் பிடிக்கிறது என்பதை இத்தாலியரான டாரிசெல்லி 1643-இல் கண்டறிந்தார். அதே தத்துவத்தைத்தான் காலனிக் காலத்துக் கூடங்களும் பயன்படுத்தின. ஆனால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை சரியாகப் படிக்க வேண்டுமானால் தத்துவம் மட்டும் போதாது. கிண்ணத்து ரசத்தின் மேற்பரப்பு ஒரு தந்த முனையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி அடியிலுள்ள திருகைத் திருப்ப வேண்டும். ரசமும் பித்தளை அளவுகோலும் சூட்டில் விரிவதால் அதற்குரிய திருத்தம் செய்ய வேண்டும். வெயில் படாத, அதிர்வில்லாத சுவரில் கருவி செங்குத்தாகத் தொங்க வேண்டும். அதனோடு இணைத்த சிறு உஷ்ணமானியை முதலிலேயே பார்த்துவிட வேண்டும் என்றும் விதி உண்டு. அருகே நின்று பார்ப்பவரின் உடற்சூடே அதை ஏற்றிவிடுமல்லவா! தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் கொண்ட அறையைக் கட்டியது அழகுக்காக மட்டுமன்று. அந்த அறையும் கருவியின் ஓர் அங்கமாகவே இருந்தது.

உஷ்ணப் பிரதேசங்களில் பாரமானி நாள்தோறும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. காலை பத்து மணி சுமாருக்கு உச்சத்தைத் தொட்டு, பிற்பகல் நான்கு மணி சுமாருக்குத் தாழ்ந்து, மீண்டும் இரவு பத்துக்கு உயர்ந்து, விடியற்காலை நான்குக்குத் தாழ்கிறது. சூரியனின் வெப்பத்தால் வாயுமண்டலம் முழுவதும் அசைந்து எழுப்பும் அலை இது. இங்கிலாந்தில் நாளுக்கு நாள் மாறும் அழுத்தத்தின் குழப்பத்தில் இந்த அலை கண்ணுக்கு எளிதில் புலப்படாது. சென்னையிலோ அது கடிகாரத்துக்கு இணையான ஒழுங்கோடு வந்து போகிறது. இந்த ஒழுங்கே புயலை அறிவிக்கும் முதல் எச்சரிக்கையாகவும் அமைந்தது. காலையில் ஏறவேண்டிய ரசம் ஏறாமல் தயங்கி நின்றால், அல்லது நான்கு மணிக்கு இறங்கியது பின்னர் எழாமலே இருந்தால், வானம் தெளிவாக இருந்தாலும் வங்கக் கடலில் ஏதோ உருவாகிறது என்று அனுமானிக்கலாம்.

பாரமானி புயல் வருவதைச் சொல்லும். அது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வது காற்றுத் திசைகாட்டி. வட கோளார்த்தத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடப்புறமே இருக்கும் என்று டச்சு விஞ்ஞானி பய்ஸ் பாலட் 1857-இல் விதி வகுத்தார். இதைச் சென்னைக் கரைக்குப் பொருத்திப் பார்ப்போம். புயல் நேர் கிழக்கே கடலில் நிற்கும்போது நகரில் வாடை என்னும் வடக்குக் காற்று வீசும். அதன் மையம் நகருக்குத் தெற்கே கரை ஏறுமானால், வாடை வடகிழக்காகித் திரும்பிக் கொண்டல் என்னும் கிழக்குக் காற்றாகி, முடிவில் தென்கிழக்கிலிருந்து வீசும். மையம் வடக்கே கடந்தால் காற்று எதிர்ப்புறமாகச் சுழன்று, வடமேற்காகி, கோடை என்னும் மேற்குக் காற்றாகி, தென்மேற்கில் சென்று ஓயும். இவ்வாறு ஒரு தகரக் கொடியும் ஒரு பாதரசக் குழாயும் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத புயலின் பாதையைக் கூடத்தை விட்டு வெளியேறாமலே தொடர்ந்து அறியலாம். இந்த அறிவு எவ்வளவு அவசியமாக இருந்தது என்பதற்கு 1872-ஆம் ஆண்டு மே மாதப் புயலே சாட்சி: காப்பற்ற திறந்த கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் பல அன்று கரையில் மோதிச் சிதைந்தன. அதன் பின்னர்க் கட்டத் தொடங்கிய துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர்களையும் 1881 நவம்பர் புயல் உடைத்தெறிந்தது.

காற்றின் வேகத்தை அளக்க, அயர்லாந்தின் அர்மா நோக்குக்கூடத்துத் தலைவரான ராபின்சன் 1846-இல் அமைத்த கிண்ணக் காற்றுமானி பயன்பட்டது. குறுக்கே பூட்டிய நான்கு அரைக்கோளக் கிண்ணங்கள் காற்றில் சுழல, பற்சக்கரங்கள் அச்சுழற்சியை எண்ணி மைல் கணக்கில் காட்டும். கிண்ணங்கள் எப்போதும் காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்துடனேயே சுழல்கின்றன என்று ராபின்சன் நம்பினார். பிற்காலப் பரிசோதனைகள் அந்த விகிதம் கிண்ணத்தின் அளவையும் கரத்தின் நீளத்தையும் பொறுத்து மாறுவதைக் காட்டின. பழைய பதிவேடுகளில் காணும் காற்றின் வேகங்களை அப்படியே ஏற்காமல், எந்த வகைக் கருவியால் எடுத்தவை என்று விசாரித்துப் படிக்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

காற்றின் உஷ்ணத்தை அளப்பது எளிதென்று தோன்றும்; உண்மையில் எல்லா அளவைகளிலும் ஏமாற்றம் மிகுந்தது அதுதான். வெயிலில் வைத்த உஷ்ணமானி காட்டுவது வெயிலின் சூட்டை. சுவரில் மாட்டியது காட்டுவது சுவரின் சூட்டை. நிழலும் வேண்டும், காற்றும் தடையின்றி ஓட வேண்டும், தரையின் வெம்மையும் மழையின் ஈரமும் அண்டக்கூடாது. இதற்காக இந்தியக் கூடங்களில், சுவரே இல்லாமல் கால்களின் மேல் நிற்கும் கூரைவேய்ந்த கொட்டகை ஒன்றை அமைத்து, அதனுள் தரையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில் மானிகளை வைத்தார்கள். நம் நாட்டு வெயிலை அறிந்தவர்கள் நம் நாட்டு ஓலையையும் வைக்கோலையும் கொண்டே கண்ட உபாயம் இது. பின்னர் அதன் இடத்தை ஸ்டீவன்சன் கூண்டு பிடித்தது. கலங்கரை விளக்கங்களைக் கட்டிய பொறியியலாளரும், நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தையுமான தாமஸ் ஸ்டீவன்சன் வகுத்த அந்த வெள்ளைப் பெட்டியை, நான்கு புறமும் இரட்டைச் சாய்சட்டங்களோடு வானிலை நிலையங்களில் இன்றும் காணலாம்.

அதனுள் நான்கு மானிகள் இருக்கும். ஒன்று சாதாரண உஷ்ணமானி. இரண்டாவதன் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். நீர் ஆவியாகும்போது குமிழ் குளிர்வதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு காற்றின் ஈரத்தைக் கணிக்கலாம். மூன்றாவது, ஜுரமானியில் உள்ளதுபோல் கழுத்தில் ஓர் ஒடுக்கம் இருப்பதால், அன்றைய உச்ச உஷ்ணத்தில் ஏறிய ரசத்தைத் திரும்பி இறங்கவிடாமல் நிறுத்தி வைக்கிறது. நான்காவதில் ரசத்துக்குப் பதிலாகச் சாராயம் இருக்கும். அது சுருங்கும்போது உள்ளே மிதக்கும் சிறு குறியைப் பின்னோக்கி இழுத்துச் சென்று, மீண்டும் விரியும்போது அதை அங்கேயே விட்டுச் செல்வதால், இரவின் தாழ்ந்த உஷ்ணம் காலையில் வருபவருக்குத் தெரிகிறது.

கூண்டுக்கு வெளியே புல்தரையில் மழைமானி நிற்கும். வாய் அகலம் அளந்தமைத்த ஒரு புனலும், அதன் கீழ் ஒரு பாத்திரமும், அளவுக் கண்ணாடியும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. ஆனால் மரமோ சுவரோ அருகில் இருந்தால் சாய்ந்து விழும் மழை தடைபடும். வாய் தரையை ஒட்டியிருந்தால் தெறிக்கும் நீர் உள்ளே புகும். மிக உயரத்தில் இருந்தால் காற்று துளிகளை அப்பால் அடித்துச் செல்லும். ஆகையால்தான் கூடத்தைச் சுற்றி விரிந்த வெற்றுநிலம், கருவிகளுக்குச் சமமான மதிப்புடைய சொத்தாகக் கருதப்பட்டது. வெயிலின் நேரத்தைக் குறிக்கும் கண்ணாடிக் கோளத்தின் வேலையோ இன்னும் எளிது: சூரிய கிரணங்களை ஒரு புள்ளியில் குவித்து அட்டையைக் கரியவைக்கும் அக்கோளம், மேகம் மறைத்த நேரத்தில் கரிகோட்டை நிறுத்திவிடும்.

இவ்வளவு கருவிகளையும் பார்த்துக் கணித்து எழுதியவர்களுள், 1861 முதல் 1891 வரை அரசாங்க வான சாஸ்திரியாக இருந்த நார்மன் போக்சனும், மாறொளி விண்மீனைக் கண்டறிந்து புகழ்பெற்ற அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் வான சாஸ்திர வரலாற்றில் இடம்பெற்றுவிட்டார்கள். வானிலையின் பொறுப்பைச் சுமந்தவரோ போக்சனின் மகள் ஐசிஸ். 1873-இல் கணக்கிடும் உதவியாளராகக் கூடத்தில் சேர்ந்த அந்த அம்மையார், 1881 முதல் சென்னை அரசாங்கத்தின் வானிலைக் கண்காணிப்பாளராகப் பணிபுரிந்து, 1898-இல் ஓய்வு பெற்றார். பெண் என்ற ஒரே காரணத்தால் 1886-இல் ராயல் வான சாஸ்திரச் சங்கம் அவரை ஏற்க மறுத்தது, 1920-இல்தான் உறுப்பினராக்கிக்கொண்டது. மாகாணத்தின் வானிலைக்குப் பொறுப்பாயிருந்த ஒருவருக்கு அந்தத் தகுதி வர முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆயின என்பதை என்னால் வருத்தமின்றி எழுத முடியவில்லை.

1875-இல் இந்திய வானிலைத் துறை ஏற்பட்டு, ஹென்றி பிளான்போர்டு அதன் தலைவரானபோது, அதுவரை மாகாணந்தோறும் தனித்தனி வழியில் நடந்த அளவைகள் ஒரே பிரமாணத்துக்குக் கொண்டுவரப்பட்டன. கருவிகளைத் தரக்கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, ஒரே நேரத்தில் பார்ப்பது, உடனே தந்தி அடிப்பது ஆகிய மூன்றும் வழக்கமாயின. அடுத்த ஆண்டே தொடங்கிய பெரும்பஞ்சம், மழையை முன்னறிய வேண்டும் என்ற கோரிக்கையைத் தீவிரமாக்கியது. சூரியனின் புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் வலுத்து, சூரியனை ஆராயக் கொடைக்கானல் மலையில் புதிய கூடம் எழுந்தது. 1899-இல் வான சாஸ்திரம் மலையேறிவிட, நுங்கம்பாக்கத்தில் வானிலையும் நேரக் கணக்கும் தங்கின. ரயில்கள் பல ஆண்டுகளாகப் பின்பற்றிய சென்னை நேரம் இந்தக் கூடத்தின் தீர்க்கரேகையிலிருந்து கணித்ததே. 1945-இல் இது மண்டல வானிலை மையமாயிற்று.

இன்றைக்கு ஆராய்ச்சியாளர் ஒருவர் அந்தப் பதிவேடுகளை எடுத்துச் சென்னையின் உஷ்ணம் இருநூறு ஆண்டுகளில் எவ்வளவு மாறியது என்று காண விரும்பினால், அவர் முதலில் கேட்க வேண்டியவை கருவிகளின் இருப்பிடத்தைப் பற்றிய கேள்விகளே: அந்த ஆண்டில் மானி இருந்தது கொட்டகையிலா, கூண்டிலா? நேரம் சென்னை நேரமா, 1906-இல் வந்த இந்தியப் பொது நேரமா? சுற்றிலும் இருந்தது தோப்பா, கட்டிடமா? பாரன்ஹீட்டில் எழுதிய எண்ணைச் சென்டிகிரேடாக மாற்றுவது நொடிப்பொழுது வேலை. நகரம் நெருங்கிவந்து புல்தரையைச் சூழ்ந்துகொண்டதால் ஏறிய சூட்டைப் பொதுவான வெப்ப ஏற்றத்திலிருந்து பிரித்தெடுப்பதற்கோ, பழைய உத்தியோகஸ்தர்கள் கருவியை நகர்த்திய தேதியைக்கூட விடாமல் எழுதி வைத்த குறிப்புகள் ஒவ்வொன்றும் தேவைப்படுகின்றன.