பஸ்சில் "ரஷ்", தியேட்டரில் "ஹவுஸ்புல்": உயிரைக் குடிக்கும் கூட்டம் எது?

பாளையங்கோட்டை,-

காலை நேரத்தில் நெல்லை ஜங்ஷனில் இருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறுகிறவர்கள், ஆங்கிலம் படித்தாலும் படிக்காவிட்டாலும் கூட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள்.

"ஏ அப்பா, என்னா ரஷ்சு!" என்பார் ஒருவர். "வண்டி புல்லாயிட்டு, பின்னால வருது, அதுல ஏறிக்கோங்க" என்பார் கண்டக்டர். சுலோசன முதலியார் பாலத்தில் வண்டி நின்றுபோனால் "ஜாம்". படியில் தொங்கினால் "புட்போர்டு". ஷேர் ஆட்டோவில் மடிமேல் மடியாக உட்கார்ந்தால் "ஓவர்லோடு".

எல்லாம் கூட்டம்தான். ஆனால் எல்லாம் ஒன்றல்ல. சில வார்த்தைகள் அலுப்போடு போய்விடும். சில, அபராதத்தில் கொண்டு விடும். ஒன்று மட்டும் ஆளையே கொன்றுவிடும்.

ஓட முடியாத "ரஷ்"

ஆங்கிலத்தில் "ரஷ்" என்றால் பாய்ந்து ஓடுவது. நம்ம ஊர் "ரஷ்"சில் ஓடுவது எங்கே? மூக்கைச் சொறியக் கையைத் தூக்க முடியாது!

பாளையங்கோட்டைக்கு இது புதிதல்ல. 1878-ல் செயின்ட் ஜான்ஸ், 1895-ல் சாரா டக்கர், 1923-ல் சேவியர் என்று கல்லூரிகள் வரிசையாக வந்து, "தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு" என்று பெயர் வாங்கிய ஊர். அதோடு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் சேர்ந்தால், முருகன்குறிச்சி வழியாகப் போகும் பஸ்சில் கால் வைக்க இடம் ஏது?

"ஹவுஸ்புல்" பயமில்லை

தியேட்டர் வாசலில் "ஹவுஸ்புல்" போர்டைப் பார்த்தால் ரசிகர்களுக்குக் கோபம் வரும். உண்மையில் எல்லாக் கூட்டத்திலும் பத்திரமான கூட்டம் இதுதான்.

காரணம், இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எத்தனை இருக்கை என்பது லைசென்சிலேயே எழுதியிருக்கும். அத்தனை டிக்கெட் தீர்ந்ததும் கவுண்டரை மூடிவிடுவார்கள். ஆளுக்கொரு இடம். வெளியே போகத் தனித்தனி வழி.

பஸ்சுக்கும் ஆட்டோவுக்கும் கணக்கு உண்டு, மதிப்பதுதான் இல்லை. படியில் தொங்குவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடை செய்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி, கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம். அதோடு விடாது. கூடுதல் ஆட்களை இறக்கி, அவர்களுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்த பிறகே அந்த வண்டி நகரலாம்.

சாளை மீனும் புளிமூட்டையும்

அடைசலான இடத்தைப் பார்த்தால் வெள்ளைக்காரர்கள், "டப்பாவில் அடைத்த சார்டைன் மாதிரி" என்பார்கள். சார்டைன் வேறொன்றும் இல்லை; தூத்துக்குடிக் கரையில் இருந்து கூடையில் வருகிற நம்ம சாளை மீன்தான். நம்மவர்கள் "புளிமூட்டை" என்பார்கள். "எள் போட்டால் எள் விழாது" என்பார்கள்.

இதுவரை வேடிக்கை. இனிமேல்தான் விபரீதம்.

மாட்டு மந்தையா மக்கள்?

திருவிழாவிலோ பொதுக்கூட்டத்திலோ ஆட்கள் பலியானால் ஆங்கிலப் பத்திரிகைகள் போடும் வார்த்தை "ஸ்டாம்பீடு". அது ஸ்பானிய மொழியில் இருந்து வந்தது. மாட்டு மந்தை மிரண்டு ஓடுவதற்குச் சொன்ன சொல். "ஜனங்கள் மிரண்டு ஓடினார்கள், ஒருவரை ஒருவர் மிதித்தார்கள், செத்தார்கள்" என்று பழியை ஜனங்கள் தலையிலேயே போடுகிற சொல்.

கூட்ட விபத்துகளை ஆராய்கிறவர்கள் இதை ஏற்பதில்லை. அவர்கள் சொல்லும் வார்த்தை "கிரஷ்". அதாவது நசுக்கல்.

மூணேகால் அடி நீளம், மூணேகால் அடி அகலமுள்ள இடத்தில் நான்கு பேர் நிற்கலாம். ஆறு, ஏழு பேர் ஆகிவிட்டால் யாரும் தன் காலால் நடப்பதில்லை. கூட்டமே தண்ணீர் போல அலை அடிக்கும். பின்னால் நிற்பவர் லேசாகத் தள்ளினாலும் முன்னால் இருப்பவர் மார்பில் மூட்டை மூட்டையாகப் பாரம் ஏறும். நெஞ்சு விரியாது, மூச்சு இழுக்க முடியாது. கீழே விழாமல், நின்ற நிலையிலேயே பலர் இறந்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் 1989 ஏப்ரல் 15-ந் தேதி நடந்ததும் இதுவே. ஏற்கனவே நிரம்பிய கம்பிவேலி அடைப்புக்குள் மேலும் ஆட்கள் போக வழி திறந்துவிடப்பட்டது. 97 உயிர்கள் பறிபோயின. "ரசிகர்கள்தான் காரணம்" என்றது போலீஸ். 27 ஆண்டுகள் கழித்து, 2016-ல், ரசிகர்கள் மீது தவறில்லை என்று விசாரணை ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

தமிழ்நாடும் இந்தச் சோகத்துக்கு விலக்கல்ல. 1992-ல் கும்பகோணம் மகாமகத்தில் சுமார் 50 பேர். 2005 டிசம்பரில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணம் வாங்க வந்த 42 பேர். 2025 செப்டம்பர் 27-ந் தேதி கரூர் அரசியல் கூட்டத்தில் 41 பேர்.

தமிழ் சொன்னதே சரி

இந்த இடத்தில் ஆங்கிலத்தை விடத் தமிழ் ஒரு படி மேலே நிற்கிறது. நாம் சொல்வது "நெரிசல்". போலீஸ் செய்திகளில் "கழுத்தை நெரித்துக் கொலை" என்று வருகிறதே, அதே நெரிதான்! ஓட்டத்தைச் சொல்லவில்லை, மூச்சை அடைக்கும் அழுத்தத்தைச் சொல்கிறது.

வார்த்தை சரியாக இருந்தால் கேள்வியும் சரியாக வரும். "ஏன் ஓடினாய்?" என்று ஜனங்களைக் கேட்பதற்குப் பதில், "இந்த இடம் எத்தனை பேர் தாங்கும்? அதற்கு மேல் விட்டது யார்? வெளியே போகிற வழியை அடைத்தது யார்?" என்று கேட்கத் தோன்றும்.

என்ன செய்ய வேண்டும்?

ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம். புரட்டாசி, ஐப்பசியில் பாளையங்கோட்டை தசரா. ஊரில் உள்ள அம்மன் சப்பரங்கள் எல்லாம் ஒன்றாகக் கூடும் நாளில் தெருவே தலையாகத்தான் தெரியும். போகிறவர்கள் சிலவற்றை மனதில் வைக்க வேண்டும்.

உள்ளே போகும்போதே வெளியே வரும் வழியைப் பார்த்துவைக்கவும். சுவர், கம்பித் தடுப்பு ஓரம் வேண்டாம். செருப்பு, செல்போன் விழுந்தால் குனிய வேண்டாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ளவும். அலை அடித்தால் எதிர்த்துத் தள்ளக்கூடாது. இரண்டு கையையும் மடக்கி மார்புக்கு முன்னால் அணை கொடுத்து, அலை ஓய்ந்ததும் சாய்வாகப் பக்கவாட்டில் நகர வேண்டும்.

இரண்டு தோளும் பக்கத்து ஆட்கள் மேல் அழுந்த ஆரம்பித்தாலே அது "ரஷ்" இல்லை, நெரிசல். அப்போதே விலகி வந்துவிட வேண்டும். சப்பரத்தை அடுத்த முக்கில் நின்றும் பார்க்கலாம்.