கவிழ்த்துப் பார்த்தால் தெரியும்

பழம்பொருள் கடையில் கையால் செய்த ஸ்டோன்வேர் (அதிக வெப்பத்தில் சுட்ட கெட்டியான மட்பாண்டம்) கிண்ணம் ஒன்று கண்ணில் படுகிறது. முத்திரை இல்லை, கையெழுத்தும் இல்லை. யார் செய்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது. என்ன விலை கொடுக்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள்.

அடிப்பக்கத்தில் பெரும்பாலும் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சு இருக்காது. மண்ணின் நிறமும் நயமும் அங்கேதான் தெரியும். சுழலும் சக்கரத்திலிருந்து கம்பியால் அறுத்திருந்தால் சிப்பியில் இருப்பதுபோல் வளைந்த வரிகள் பதிந்திருக்கும். சக்கரத்தை நிறுத்திவிட்டு அறுத்திருந்தால் கோடுகள் நேராக ஓடும். உட்சுவரில் விரல் ஏறிய தடம் சுருள் சுருளாகத் தெரியும். அச்சில் வார்த்த பாத்திரத்தில் இந்தத் தடம் இருக்காது. பக்கவாட்டில் மூட்டுக்கோடு தெரியலாம்.

அடுத்து, கையில் தூக்குங்கள். பார்வைக்கு லேசாகத் தெரிந்தது கையில் கனத்தால், அடியில் தேவைக்கு மேல் மண் தங்கியிருக்கிறது என்று பொருள். தேர்ந்த கை அந்த மண்ணைச் செதுக்கி எடுத்திருக்கும். விரலால் சுண்டுங்கள். நன்றாக வெந்த ஸ்டோன்வேர் கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ஒலி மந்தமாக வரும். விளிம்பை விரலால் தடவினால் உடைந்து ஒட்டிய இடமும் பெரும்பாலும் சிக்கிவிடும்.

முத்திரை இருந்தாலும் வேலை முடிந்துவிடாது. குயவர்கள் பெர்னார்ட் லீச்சும் ஷோஜி ஹமாடாவும் 1920-இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் தொடங்கிய பட்டறையில், அன்றாடப் புழக்கத்துக்கான பாத்திரங்களைப் பலர் சேர்ந்து செய்தார்கள். அவற்றில் பட்டறையின் முத்திரை மட்டுமே இருக்கும். லீச் தன் கையால் செய்தவற்றில் அவருடைய தனி முத்திரையும் சேர்ந்திருக்கும். விலையோ பல மடங்கு. அதனாலேயே அவர் பெயரில் போலிகளும் வந்தன. ஹமாடாவோ ஜப்பான் திரும்பியபின் பாத்திரங்களில் முத்திரை இடுவதையே விட்டுவிட்டார். அவர் எழுதிக் கையொப்பமிட்ட மரப்பெட்டிதான் இன்று அவற்றுக்குச் சான்று.

செய்தவர் பெயரே தெரியாமல் புகழ்பெற்ற பாத்திரமும் உண்டு. ஜப்பானில் கியோட்டோவின் தைதோகுஜி கோயில் வளாகத்தில் 'கிஸாயெமோன்' என்ற தேநீர்க் கிண்ணம் காக்கப்படுகிறது. 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் கொரியாவில் யாரோ ஒரு குயவர் செய்தது. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அது ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். பெயர் விலையை ஏற்றும், உண்மை. ஆனால் பாத்திரத்தின் தரம் பெயரிலிருந்து வருவதில்லை.

செய்தவர் பெயர் தெரியாமல் போவது நமக்குப் பக்கத்திலும் நடக்கிற கதைதான். புதுச்சேரியில் 1971-இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்கள் பலர் தனித்தனியே பட்டறை வைத்தார்கள். ஒரு கடையில் வாங்கிய குவளை அவர்களில் யாருடைய கைவேலை என்று பத்தாண்டு கழித்துச் சொல்வது கடினம்.

ஆகவே, கைவேலைப் பாத்திரம் வாங்கும்போது செய்தவர் பெயரைக் கேளுங்கள். பெயர், ஊர், வருடம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, ரசீதோடு சேர்த்துப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டு வையுங்கள். பெயர் கிடைக்காத பாத்திரத்தையும் ஒதுக்க வேண்டாம். சுவர் சீராக, அடி செதுக்கியதாக, ஒலி தெளிவாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.