ஒழிப்பதா, ஒளிப்பதா?

உப்புக்காற்று வீடுகள் – 11

மேடையில் ‘ஒழி’ என்றால் அழி என்று அர்த்தம். வறுமையை ஒழிப்போம், ஊழலை ஒழிப்போம், கொசுவை ஒழிப்போம். அடுப்படியில் அதே சொல்லுக்கு அர்த்தம் வேறு. “குழம்புச் சட்டியை ஒழிச்சுப் போடு” என்றால், மிச்சக் குழம்பைக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டுச் சட்டியைக் கழுவப் போடு என்று பொருள். குடியிருந்தவர் வீட்டை ஒழித்துக் கொடுப்பார். கை ஒழிந்த நேரத்தில் பூ தொடுப்பார்கள். எதுவும் அழிவதில்லை. ஒன்று காலியாகி, அடுத்த வேலைக்குத் தயாராகிறது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தலைமுறைகளாக ராயபுரத்தில் இருப்பவர்கள் வாயில் ‘ழ’ போய் ‘ய’ வரும்: “ஒயிச்சு வை.” துறைமுக வேலைக்காகத் தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து குடியேறிய வீடுகளில் அது ‘ள’ ஆகிவிடும்: “ஒளிச்சு வை.” எங்கள் வீடு இரண்டாவது வகை. விருந்தாளி வருகிறார் என்றால் அம்மா, “எல்லாத்தையும் ஒளிச்சு வைங்க” என்பாள். நானும் தங்கையும் காதில் விழுந்தபடியே செய்வோம். கண்ணில் படுவதையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே போர்வையைத் தொங்கவிட்டுவிடுவோம். ஒழிப்பதற்கும் ஒளிப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிய ஐம்பது வயது ஆனது.

சென்ற வாரம் வாசலில் நின்று பேசினோம். இந்த வாரம் நிலையைத் தாண்டி உள்ளே போகலாம். எந்த வீட்டிலும் ஒருவர் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிற ஓர் இடம் இருக்கும். அந்த இடத்தை மட்டும் ஒழுங்கு செய்தால் போதும், பாதி வீடு ஒழுங்காகிவிடும் என்பார்கள். செய்து பார்த்த கதை இது.

கதவுக்கு வலப்பக்கம்

அம்மாவின் வீடு திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. பத்துக்கு இருபது, ஆக 200 சதுர அடி. கதவைத் திறந்தால் வலப்பக்கச் சுவரோரம் ஒரு பாய், சுவரில் சாய்த்த தலையணை. தலைக்கு மேல் ஃபேன், எதிரே டிவி, கதவு வழியாகத் தெரு. அரிசி ஆய்வது, பூ தொடுப்பது, தெருவோடு பேசுவது, கண்ணயர்வது, தங்கையின் பையனுக்கு ஹோம்வொர்க் சொல்லித்தருவது எல்லாம் அங்கேதான். அதனால் வீட்டிலுள்ள பொருளெல்லாம் அவளை நோக்கியே நகர்ந்து வந்துவிட்டன. பாயைச் சுற்றி அரைவட்டமாக மருந்துச் சீட்டுகள், ஓடாத ரேடியோ, மூன்று செல்போன் சார்ஜர்கள், ஜவுளிக்கடைப் பைக்குள் மடித்த ஜவுளிக்கடைப் பைகள், கல்யாணப் பத்திரிகைகள், மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள்.

போன வருடம் பொங்கலுக்கு முன் அம்மா அந்தக் குவியலில் கால் தடுக்கி விழப் பார்த்தாள். அன்று மாலையே சித்தப்பா வந்து இறங்கினார்.

சித்தப்பா எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த வட்டாரத்துக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு ‘ஃபைவ் எஸ்’ என்பது ஆயுத பூஜை மாதிரிப் பழகிய சொல். ஜப்பான் தொழிற்சாலைகளில் உருவான முறை. ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்து ஜப்பானியச் சொல்லும் ‘எஸ்’ஸில் தொடங்கும். செய்ரி என்றால் வேண்டியது, வேண்டாதது என்று பிரிப்பது. செய்டொன், வேண்டியதற்கு இடம் குறிப்பது. செய்சோ, துடைத்துச் சுத்தமாக்குவது. செய்கெட்சு, அந்த நிலையையே விதியாக்குவது. ஷிட்சுகே, யாரும் சொல்லாமலே செய்யும் பழக்கம். ஸ்பேனர் தொங்கும் பலகையில் ஸ்பேனரின் உருவத்தையே பெயின்டில் வரைந்திருப்பார்கள். ஸ்பேனரை எடுத்துவிட்டால் அதன் நிழல் மட்டும் பலகையில் நிற்கும். எது வெளியே போயிருக்கிறது என்று பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

முதல் ‘எஸ்’ஸுக்கு ஆயுதம் சிவப்பு அட்டை. வேண்டுமா, வேண்டாமா என்று சந்தேகம் வருகிற பொருளில் அதைக் கட்டிவிடுவார்கள். குறித்த நாளுக்குள் யாரும் உரிமை கொண்டாடாவிட்டால் அது வெளியே போகும். சித்தப்பா பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் சிவப்பு அட்டை தயார் செய்தார். அரைமணி நேரத்தில் அம்மாவின் இடம் திருவிழாத் தோரணம் கட்டியதுபோல் ஆகிவிட்டது.

அம்மா ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“ஏன் தம்பி, உங்க கம்பெனில வேணாம்னு எடுத்தத எங்க கொண்டுபோய்ப் போடுவாங்க?”

“ஸ்கிராப் யார்டுல, அண்ணி.”

“இந்த வீட்டுக்கு யார்டு எங்க இருக்கு?”

சித்தப்பாவிடம் பதில் இல்லை.

யார்டு எங்கே?

வீட்டைச் சுத்தம் செய்யச் சொல்லும் புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஒரு ‘வெளியே’ இருக்கிறது. தூக்கிப் போட்டால் பொருள் அங்கே போய்விடும், அதன்பிறகு அது நம் கவலை இல்லை. வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு அதை நம்ப முடியாது. மற்றவர்களின் ‘வெளியே’ எங்களுக்கு அடுத்த தெரு.

கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு சுமார் 350 ஏக்கர். நகரத்தின் வடபாதி பல பத்தாண்டுகளாகத் தூக்கிப் போட்டதெல்லாம் அங்கே மலையாகி, இப்போது அதைத் தோண்டித் தரம்பிரிக்கிறார்கள். எவரோ வீட்டை ஒழித்த வாசனை எங்களுக்குக் காற்றோடு வரும்.

நிலக்கரிக் கதையும் இப்படித்தான். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறங்கி ஏறிய காலத்தில், ராயபுரத்தில் வெள்ளை வேட்டியை மாடியில் காயப்போட்டால் சாம்பல் வேட்டியாக எடுக்க வேண்டும். வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரோடு அந்தச் சரக்குகள் அங்கே நின்றன. ராயபுரத்து ஜன்னல் விளிம்புகள் வெளுத்தன. ஆனால் நிலக்கரியை யாரும் ஒழித்துவிடவில்லை. அது எண்ணூருக்கு நகர்ந்தது. அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதற்கென்றே 2001இல் திறந்த துறைமுகம் அங்கே தயாராக இருந்தது. 2014இல் காமராஜர் பெயர் சூட்டப்பட்டதும் அதற்குத்தான். எண்ணூர்க்காரர்கள் ஏற்கெனவே அனல்மின் சாம்பலை ஆற்றிலும் கழிமுகத்திலும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். கரித்தூளும் சேர்ந்துகொண்டது.

சென்னையை ஒரு வீடாக நினைத்துப் பாருங்கள். மயிலாப்பூரும் அடையாறும் விருந்தாளி உட்காரும் கூடம். நாங்கள் கட்டிலடி. எங்கள் மேல் ஒரு போர்வை தொங்குகிறது.

கட்டிலடியில் வாழ்கிறவர்களிடம் போய், பொருளைத் தூக்கிப் போடு என்று சொன்னால் சிரிப்பார்கள். தூக்கிப் போடுவது எங்களுக்கு முடிவு இல்லை. பொருளுக்கு அடுத்த கை யாருடையது என்று தெரிந்தால்தான் அது ஒழிந்த மாதிரி. அம்மா ஒரே வரியில் கேட்டது இதைத்தான்.

முறமும் கன்டெய்னரும்

சித்தப்பா தோல்வியை ஒப்புக்கொள்ளும் ஆள் இல்லை. சிவப்பு அட்டைகளை அவிழ்த்துவிட்டு ஒரு முறத்தைக் கொண்டுவந்து பாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

“அண்ணி, ஒரு வாரத்துக்கு எதையும் தூக்கிப் போட வேணாம். எதையாவது எடுத்துப் பொழங்கினா, திரும்ப வைக்கறப்போ குவியல்ல வைக்காம இந்த மொறத்துல வைங்க. அவ்வளவுதான்.”

ஒரு வாரம் கழித்து முறத்தில் 19 பொருள் இருந்தன. மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பா, ரிமோட், செல்போன், ஒரே ஒரு சார்ஜர், தைலம், விசிறி, வாழைநார், ஊசிநூல், பாக்குவெட்டி என்று போனது பட்டியல். மூட்டை கணக்கில் இருந்த மீதியை அந்த ஒரு வாரத்தில் அம்மாவின் கை தொடவே இல்லை. ‘இதெல்லாம் வேண்டாதது’ என்று யாரும் சொல்லவில்லை. அவள் கையே சொல்லிவிட்டது.

அந்த 19க்கும் உட்கார்ந்தபடி கை எட்டும் தூரத்தில் இடம் கிடைத்தது. ஊசி, பொத்தான், பின்னுக்கு மட்டும் சித்தப்பா தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டிச் சின்ன டிராயர் அலமாரி செய்தார். விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்த ஊரில் இந்த வித்தை தெரியாத ஆள் கிடையாது. தொழிற்சாலை போய், பெயர் இப்போது மெட்ரோ ஸ்டேஷனில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தீப்பெட்டி டிராயர் இன்னும் திறந்து மூடுகிறது.

மீதிப் பொருளுக்கு வழி காட்டியது துறைமுகம். இருபதடி கன்டெய்னர் எட்டடி அகலம், ஆக 160 சதுர அடி. நாற்பதடிப் பெட்டி 320. எங்கள் வீடு இரண்டுக்கும் நடுவில். பெட்டிக்குள் குடியிருப்பவர்கள், பெட்டி அடுக்குபவர்களிடம் பாடம் கேட்பதில் தப்பில்லையே. துறைமுக யார்டில் இடம் இல்லை என்பது பெரிய கவலை இல்லை. மேலே மேலே அடுக்கலாம். கவலை, அடியில் இருக்கும் பெட்டி முதலில் தேவைப்படுவது. அதை எடுக்க மேலே இருப்பதையெல்லாம் இறக்கி, வேறு இடத்தில் வைத்து, திரும்ப ஏற்ற வேண்டும். கூலி உண்டு, டீசல் உண்டு, பலன் இல்லை. அதனால் எது முதலில் கிளம்புமோ அது மேலே, கனமானது கீழே என்று கணக்குப் போட்டுத்தான் அடுக்குவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் கம்பளியை மேலே வைத்து, தினம் எடுக்கும் துண்டை அடியில் வைத்துக்கொண்டு, ‘வீட்டில் இடமே இல்லை’ என்கிறோம். இடம் இருக்கிறது. வரிசைதான் இல்லை.

கட்டிலடி டிரங்குப் பெட்டி, பரண், கதவுக்குப் பின்புறம் மூன்றையும் அந்தக் கணக்கில் அடுக்கினோம். கனத்த அண்டாவும் குடமும் கீழே. திருவிழாவுக்கு எடுப்பவை பரணில் பின்னால், மாதம் ஒருமுறை எடுப்பவை பரணில் முன்னால். வீட்டில் இடமில்லாதவற்றுக்கு ஆள் தேடினோம். ரேடியோ பக்கத்துத் தெரு மெக்கானிக்குக்கு, உதிரிபாகத்துக்காக. இரும்பும் பேப்பரும் காயலான் கடைக்கு. பாடப் புத்தகம் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு. காலாவதியான மாத்திரைகள் மட்டும்தான் உண்மையிலேயே குப்பை.

கொக்கி

காகிதங்களுக்கு அம்மாவே ஒரு விதி வைத்திருந்தாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் புகுந்தபோது கற்றது. அந்த வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய வீடுகளுக்குள் எண்ணெயும் சேர்ந்து வந்தது. சுவரில் கருப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. தண்ணீரில் நனைந்த துணியைக் காயவைக்கலாம், எண்ணெயில் நனைந்த ரேஷன் கார்டை என்ன செய்வது? அதிலிருந்து ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், வீட்டுப் பத்திரம் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள், அந்த உறை ஒரு மஞ்சள் பைக்குள். பையைத் தலைக்கு மேல் உயரத்தில் மாட்ட வேண்டும் என்பது விதி. மாட்ட ஆணிதான் நிற்கவில்லை. இந்த உப்புக்காற்றில் இரும்பு ஆணி இரண்டு மழைக்குள் துருவேறிச் சுவரோடு உதிர்ந்துவிடும்.

சித்தப்பா முதல்நாள் சிவப்பு அட்டை கட்டியவற்றில் ஒன்று அப்பாவின் கொக்கி. மரப்பிடி போட்ட, வளைந்த கம்பி. துறைமுகத்தில் மூட்டையைக் குத்தி இழுப்பதற்கு அப்பா கையில் எப்போதும் இருந்தது. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்பவர் 58 அலுமினியப் பெட்டிகளை ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அந்தப் பெட்டி சென்னைக்கு வந்து, 1983இல் இங்கே கன்டெய்னர் முனையம் திறந்தது. பெட்டிக்குக் கிரேன் போதும், கொக்கி வேண்டாம். எங்கோ யாரோ சரக்கை ஒழுங்காக அடுக்க ஒரு வழி கண்டுபிடிக்க, அப்பாவின் கையில் வேலை குறைந்தது. அவர் போனபிறகும் கொக்கி அம்மாவின் தலையணைக்குப் பின்னால், துணியில் சுற்றி இருந்தது.

முறக் கணக்கில் கொக்கி 19இல் வரவில்லை. அந்த ஒரு வாரம் அம்மா அதைத் தொடவில்லை.

“இதுக்கு இனிமே என்ன வேலை அண்ணி?” என்று சித்தப்பா தயங்கித்தான் கேட்டார். அவருக்கும் அண்ணனின் கொக்கிதானே.

அம்மா கொக்கியை வாங்கிப் பார்த்தாள். “வேலை இல்லாததுக்கு வேலை குடுக்கறதுதான ஒளிச்சு வைக்கறது?”

அவள் ‘ழ’ சொன்னாளா, ‘ள’ சொன்னாளா என்று எனக்கு இந்த முறை சந்தேகம் வரவில்லை.

சித்தப்பா மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்தார். தேங்காயெண்ணெய் தடவினார். கம்பி ஆணி மாதிரி மெல்லியது இல்லை, சிறுவிரல் கனம். மரப்பிடியைச் சுவரில் ஒரு கட்டையோடு சேர்த்து முடுக்கினார், அம்மா உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, வெள்ளக் கோட்டுக்கு நாலடி உயரத்தில். மஞ்சள் பை அதில் தொங்கியது. பழக்கதோஷம், பையைச் சுற்றிச் சுவரில் பென்சிலால் அதன் உருவத்தையும் வரைந்துவிட்டார்.

போன வாரம் நான் போனபோது பை இல்லை. கோடு மட்டும் இருந்தது. ரேஷன் கடைக்குத் தங்கை கொண்டுபோயிருப்பதாக, நான் கேட்பதற்கு முன்பே, பாயில் உட்கார்ந்தபடி அம்மா சொன்னாள்.

*(அடுத்த வாரம்: கருவாடு காயும் மொட்டைமாடி)*