முப்பது வயலினுக்கு எதிரே ஒரு வயலின்

சிவகாசியில் செய்த ஓர் ‘அணுகுண்டு’ வெடித்தால் நான்கு தெரு தள்ளியும் கேட்கும். வயலின் ஓசையோ ஒரு தெருவைத் தாண்டுவதே அரிது. ஆனால் மேல்நாட்டு இசையரங்குகளில் ஒரு விந்தை நடக்கிறது. முப்பது வயலின்கள், குழல்கள், எக்காளங்கள், முரசுகள் கொண்ட பெரிய வாத்தியக் குழு பின்னால் அமர்ந்திருக்கும். முன்னால் ஒரே ஒருவர் நின்று வயலின் வாசிப்பார். ஒலிபெருக்கி கிடையாது. ஆயினும் கடைசி வரிசையிலும் அவருடைய வயலின் தனியே கேட்கும். தனி வாத்தியமும் குழுவும் இப்படி எதிரும் இணையுமாக இசைக்கும் படைப்புக்குக் ‘கன்சர்ட்டோ’ என்று பெயர். முப்பதுக்கு எதிரே ஒன்று எப்படி நிற்கிறது?

தீப்பெட்டிச் சோதனை

ஒரு ரப்பர் வளையத்தை இரு விரல்களுக்கு இடையே இழுத்துப் பிடித்து மீட்டிப் பாருங்கள். ஓசை மெலிதாக இருக்கும். அதே வளையத்தைப் பாதி திறந்த காலித் தீப்பெட்டியின் மேல் மாட்டி மீட்டுங்கள். ஓசை கூடுகிறது அல்லவா? வளையம் மெல்லியது, அது தள்ளும் காற்று கொஞ்சமே. பெட்டியின் அகன்ற பக்கங்களும் சேர்ந்து அதிரும்போது அதிகக் காற்று அசைகிறது.

வயலினிலும் இதுவே நடக்கிறது. வில்லின் மயிரில் பைன் மரப் பிசின் தடவியிருப்பார்கள். அது தந்தியைப் பற்றி இழுக்கும், தந்தி நழுவும், மறுபடி பற்றும். மேல்நாட்டுச் சுருதி முறையில் இரண்டாம் தந்தியில் இது நொடிக்கு 440 முறை நிகழ்கிறது! தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’ என்ற சிறு மரத்துண்டு இந்த அதிர்வை மரப்பெட்டிக்குக் கடத்துகிறது. பெட்டி அதிர்ந்து அரங்கத்துக்கு அனுப்புகிறது.

காது போடும் கணக்கு

முப்பது வயலின்கள் முப்பது மடங்கு உரத்துக் கேட்குமா? கேட்காது. ஒலியின் செறிவு 10 மடங்கானால் 10 டெசிபல் கூடும். ஆனால் காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகவே தோன்றும். முப்பது வயலின்கள் ஒரு வயலினைவிடச் சுமார் 15 டெசிபலே கூடுதல். காதுக்கு அது மூன்று மடங்குகூட இல்லை. மேலும், நம் செவி 2,000 முதல் 5,000 வரையுள்ள அதிர்வெண்களை மிக நுட்பமாக உணரும். வயலின் ஓசையின் ஒரு பகுதி அங்கேயே விழுகிறது. இசையமைப்பாளரும் குழுவை அடக்கி வாசிக்க வைத்து, தனி வயலினை உச்ச சுரங்களுக்கு ஏற்றுவார். காதின் கணக்கு ஒற்றை வயலினுக்குத் துணை நிற்கிறது.

எனினும் துணிவும் வேண்டும். பீத்தோவனின் வயலின் கன்சர்ட்டோ 1806இல் வியன்னாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது; பின்னர் பல ஆண்டுகள் அதிகம் பேசப்படவில்லை. 1844இல் இலண்டனில் அதை வாசித்துப் புகழ் தேடித் தந்தவர் யோசப் யோவாகிம். அப்போது அவருக்கு வயது 12!

கரிசல் மண்ணில் வயலின்

சாத்தூரிலிருந்து தெற்கே கோவில்பட்டி. அங்கிருந்து கிழக்கே சென்றால் எட்டயபுரம். அந்த அரசவையில் வித்துவானாக இருந்தவர் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859). முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. மேல்நாட்டு வயலினைக் கற்று, அதைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடி இவர். வீணையைப் போல வயலினில் மெட்டுகள் இல்லை. விரல் வழுக்கிச் செல்லலாம். அதனால் கமகங்கள் இயல்பாக வந்தன.

ஆனால் நெடுங்காலம் வயலின் பக்கவாத்தியமாகவே இருந்தது. ஒலிவாங்கி பரவாத நாட்களில் மைசூர் சௌடையா, ஓசை கூடவேண்டும் என்று ஏழு தந்தி வயலின் அமைத்துக்கொண்டார். துவாரம் வேங்கடசாமி நாயுடு (1893–1964) தனிக் கச்சேரிக்குப் பெருமை தேடித் தந்தார். சென்னையில் மருத்துவம் படித்த எல். சுப்பிரமணியம் இசையையே வாழ்க்கையாகத் தேர்ந்தார்; 1983இல் வயலினுக்கும் புல்லாங்குழலுக்குமாக இரட்டைக் கன்சர்ட்டோ அமைத்தார். 1985இல் சுபின் மேத்தா நடத்திய நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவுடன் தம் படைப்பை வாசித்தார்.

செல்வம் எது?

மெட்டு இல்லாத வாத்தியத்தில் விரலுக்கு வழி சொல்வது யார்? காதுதான். விரல் சில மில்லிமீட்டர் விலகினாலே சுருதி பிசகும். அதைக் கண்டுபிடிப்பது உட்செவியின் நுண்ணிய மயிரணுக்கள். கடும் ஓசையால் அவை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

இந்திய விதிப்படி, 4 மீட்டர் தொலைவில் வெடியின் ஓசை 125 டெசிபலைத் தாண்டக்கூடாது. உரத்து வாசிக்கும் வயலின் வாசிப்பவரின் காதருகே 95 டெசிபல் என்று கொள்வோம். வேறுபாடு 30, செறிவில் அது 1,000 மடங்கு! ஆகவே வெடியைக் கையருகில் கொளுத்தாதீர்கள். நீண்ட ஊதுபத்தியால் பற்றவைத்து விலகி ஓடுங்கள். தம்பி தங்கையரையும் தள்ளி நிறுத்துங்கள். நாளைய தனி வயலின் கலைஞர் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அவருக்கு வயலினைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். காதை வாங்க முடியாது.