ஆற்றுவாயும் நிலாவும்

மாரி மழை பிடித்துவிட்டால் மட்டக்களப்பில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஆற்றுவாய் எப்ப வெட்டுவாங்க?” முகத்துவாரத்தில் வாவியையும் கடலையும் மணல் திட்டு மறித்திருக்கும். பிந்தி வெட்டினால் படுவான்கரை வயல்கள் மூழ்கும். முந்தி வெட்டினால் வாவி வடிந்து, மீன் இறால் பிடிப்பவர்கள் பாடு திண்டாட்டம்.

வாவியின் நீர்மட்டத்தை அளந்து எச்சரிக்கும் கருவி ஒன்றை நாம் செய்வதாக வைத்துக்கொள்வோம். அளப்பதையும் மணியடிப்பதையும் சி மொழியில் எழுதலாம். சின்னக் கணினிச் சில்லிலும் வேகமாக ஓடும். ஆனால் எவ்வளவு ஏறினால் மணியடிப்பது என்ற விதி ஒவ்வொரு மாரிக்கும் மாறலாம். அதற்காக ஒவ்வொரு முறையும் சி நிரலைத் திருத்தி, தொகுத்து, கருவியில் ஏற்றவேண்டுமா?

வேண்டாம். விதியைத் தனிக் கோப்பில் எழுதி, அதை வாசித்து அப்போதே இயக்கும் இன்டர்பிரெட்டரை சி நிரலுக்குள் குடிவைத்துவிடலாம். அதற்கென்றே பிறந்தது லுவா. 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ரொபேர்ட்டோ இயருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலஸ் ஆகிய மூவரும் உருவாக்கினார்கள். அதற்கு முன் அவர்கள் பயன்படுத்திய மொழி ‘சோல்’, போர்த்துக்கீசில் சூரியன். லுவா என்றால் நிலா. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பில் காதை வைத்து மீன்பாட்டுக் கேட்கும் ஊருக்கு ஏற்ற பெயர்தான்.

இரண்டு மொழிகளும் பேசிக்கொள்வது ஓர் அடுக்கின் வழியாக. சி முதலில் விதியை அடுக்கில் வைக்கும். அதன்மேல் அளந்த நீர்மட்டத்தை, 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், வைத்து, “நடத்து” என்று சொல்லும். லுவா இரண்டையும் எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற விடையை வைக்கும். சி அதைப் படித்து மணியடிக்கும். படித்தபின் விடையை அடுக்கிலிருந்து அகற்ற மறப்பதுதான் புதியவர்கள் விடும் பிழை. சுற்றுக்குச் சுற்று அடுக்கு உயர்ந்து, ஒருநாள் நிரலே விழும்.

விதிக்கோப்பில் பிழை இருந்தால்? லுவாவில் ‘காப்பு அழைப்பு’ உண்டு. அதன் வழியாக அழைத்தால் பிழை ஒரு செய்தியாக சி-யிடம் திரும்பும், அளத்தல் நிற்காது. கோப்புகளை அழிக்கும் வசதிகளைத் திறக்காமல் விட்டால் விதி எழுதுபவரால் தவறியும் அவற்றை அழிக்க முடியாது.

வயர்ஷார்க், ரெடிஸ் போன்ற மென்பொருள்களுக்குள் இருப்பதும் இந்த லுவாதான். நூலகங்களோடு சேர்த்தும் 300 கிலோபைட் அளவுதான் வரும். இலவசம், பழைய கணினியிலும் தொகுக்கலாம். மாறாததை சி-யிடம் விட்டு, மாறுவதை லுவாவில் எழுதுங்கள். அடுத்த மாரிக்குள் ஒருமுறை செய்து பாருங்கள்.